மங்கலம்பேட்டை தாண்டினால் மணி அடிக்காது

1. முதல் நாள் வேலை

வேலையில் சேர்ந்த முதல் நாளே என்னை ஒரு வேனில் ஏற்றி விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை ரோட்டில் அனுப்பிவிட்டார்கள். மடியில் லேப்டாப். அதில் ஒயர் சொருகிய இரண்டு போன். வேன் கூரையில் ஜிபிஎஸ் ஆண்டெனா. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு வந்த எனக்கு, ஊர் ஊராக டவர் போட்டு எல்லாரையும் பேச வைக்கப் போகிறோம் என்ற நினைப்பு. சென்னையிலிருந்து வந்திருந்த மேனேஜர் ராகவன் சார் கிளம்பும்போது சொன்னது அதற்கு நேர் எதிர்.

“மங்கலம்பேட்டை தாண்டி எந்த இடத்துல நம்ம போன் கட் ஆகுதுன்னு பாரு சுமதி. கட் ஆகலைன்னா உடனே எனக்குச் சொல்லு.”

நான் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று திரும்பக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கட் ஆக வேண்டும், அதுதான் சட்டம் என்றார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரே நம்பரை வைத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றுகிறவர்கள் அவர்கள். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் அப்படி இல்லை. நான் சேர்ந்தது ஒரு தனியார் கம்பெனி. அரசாங்கம் அதற்குக் கொடுத்திருந்த லைசென்ஸ் வீட்டு போனுக்கானது. தெருத்தெருவாகப் பள்ளம் தோண்டி ஒயர் போட வேண்டாம், டவரிலிருந்து ரேடியோ வழியாகவே வீட்டுக்கு லைன் கொடுக்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். ரேடியோ என்று ஆன பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம் அல்லவா? எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதில்தான் சண்டை.

நாட்டையே சின்னச் சின்னக் கட்டணப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எங்கள் போன் அதில் ஒரு பகுதிக்குள் மட்டும் நகரலாம். ‘லிமிடெட் மொபிலிட்டி’ என்று அதற்குப் பெயர். விருத்தாசலத்தில் வாங்கிய போனில் பெண்ணாடம் சர்க்கரை ஆலை வாசலில் நின்று பேசலாம், திட்டக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று பேசலாம். வடக்கே மங்கலம்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பகுதி முடிந்துவிடும். அந்தப் பக்கம் உளுந்தூர்பேட்டைப் பகுதி. அங்கேயும் எங்கள் டவர்தான் இருந்தது. ஆனால் விருத்தாசலம் நம்பர் அங்கே அடிக்கக் கூடாது.

ரோட்டில் எந்தக் கல்லும் இல்லை, போர்டும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முந்திரித் தோப்பு. என் லேப்டாப்பில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டியும் போன் எடுத்தால், அலை அவ்வளவு தூரம் எட்டாதபடி டவர் ஆண்டெனாவை இன்னும் கீழே சாய்க்கச் சொல்லி எழுதுவேன். முதல் ஆறு மாதம் அதுதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தந்த வேலை.

2. எதிர்க் கம்பெனிக்காரர்

அந்தச் சிவப்புக் கோடு விழும் இடத்தை ஒட்டி ஒரு டீக்கடை. இரண்டாவது வாரம் அங்கே பைக்கில் வந்த ஒருவரைப் பார்த்தேன். கையில் எங்கள் கம்பெனி போன். நாலு அடி நடப்பார், நம்பர் போடுவார், காதில் வைப்பார், நோட்டமிடுவார். மறுபடி நடப்பார். எங்கள் டிரைவர் அன்வர் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, இந்த ஆளு கஸ்டமர் இல்லைங்க என்றார்.

இல்லைதான். பெயர் சேவியர். ஒரு செல்போன் கம்பெனியில் என்னைப் போலவே ஃபீல்டு இன்ஜினியர். எங்கள் போன் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, கோட்டுக்கு வெளியே வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார். செய்தால் அது கோர்ட்டில் அவர்களுக்கு ஆதாரம். அடிக்கவில்லை என்று உறுதி செய்ய நான், அடிக்கிறது என்று நிரூபிக்க அவர். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

எனக்கு அவர் மேல் கோபம்தான் முதலில். ஜனங்களுக்குக் குறைந்த காசில் போன் கிடைப்பதைக் கெடுக்கிறீர்களே என்று கேட்டுவிட்டேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

“நாங்க செல்போன் லைசென்ஸ்னு சொல்லி அதுக்குண்டான பெரிய தொகையைக் கட்டி உள்ள வந்தோம் மேடம். நீங்க வீட்டு போன்னு சொல்லிக் கம்மியா கட்டிட்டு, கொல்லைப்புறமா செல்போன் விக்கிறீங்க. நாளைக்கு யாரு நம்பி லைசென்ஸுக்குப் பணம் கட்டுவா?”

சந்தையைத் திறந்துவிடுவது என்றால் கதவைத் திறப்பது மட்டும் இல்லை, யார் எந்த நிபந்தனையில் உள்ளே வந்தார்கள் என்பதும் சேர்ந்ததுதான் என்று அந்த டீக்கடையில்தான் முதலில் கேட்டேன். அதன் பிறகு அந்தச் சிவப்புக் கோட்டை முட்டாள்தனம் என்று சுலபமாகச் சொல்ல முடியவில்லை. தனபால் வரும் வரைக்கும்.

3. நாலு கோடும் முழுசாக

தனபால் ஒரு சூளை மேஸ்திரி. பீங்கான் தொழிற்பேட்டையில் எஸ்தர் அம்மா என்பவரின் யூனிட்டில் வேலை. மின்கம்பத்துக்கான இன்சுலேட்டர் செய்யும் சின்ன யூனிட் அது. பச்சை மண்ணைச் சூளையில் அடுக்கித் தீ மூட்டினால் இரண்டு மூன்று நாள் எரியும். எந்த நேரத்தில் தீயைக் கூட்டுவது, எப்போது குறைப்பது என்பது தனபால் கையில். அதனால் சூளை எரியும் நாட்களில் அவர் ஷெட்டிலேயே படுத்துக்கொள்வார். மாதத்தில் பாதி நாள் வீட்டுச் சாப்பாடு இல்லை.

எங்கள் போன் வந்ததும் எஸ்தர் அம்மா அவருக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். இனி வீட்டுக்குப் போய்விட்டு வரலாம், ஏதாவது என்றால் போன் செய்வோம் என்று ஏற்பாடு. தனபாலின் வீடு பூவனேரியில். கோட்டுக்கு அந்தப் பக்கம்; செல்போன் கம்பெனி எதற்கும் அப்போது அங்கே டவர் இல்லை. விற்ற டீலர் கோட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சாயங்காலமாக இரண்டு மூன்று முறை வீட்டுக்குப் போய் வந்தார். அந்த நாட்களில் யாரும் கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை. ஆகவே போன் அடிக்காது என்பதே யாருக்கும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குக் காதுகுத்து. சூளை உச்சச் சூட்டில் இருந்தது. ஆட்களுக்குச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். மதியம் ஆயில் பம்ப் நின்று பர்னர் எல்லாம் அணைந்துவிட்டன. ஷெட்டில் இருந்தவர்கள் தனபாலுக்குப் போன் போட்டார்கள். போகவில்லை. மறுபடி மறுபடி போட்டார்கள். புகைபோக்கித் தடுப்பை மூடிவிட்டு அப்படியே சும்மா இருங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல ஆள் இல்லை. புகைபோக்கி திறந்தே கிடந்ததில் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து, சூளையில் இருந்த அவ்வளவு இன்சுலேட்டரும் விரிசல் விட்டுவிட்டது.

திங்கட்கிழமை காலை அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று ரிசப்ஷனில் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார்கள். அவர் போனை என் மேஜை மேல் வைத்தார்.

“வூட்டுல வச்சிப் பாத்தேங்க மேடம். சிக்னல் நாலு கோடும் முழுசா இருக்குது. ஆனா அடிக்க மாட்டேங்குது. ஏன்னு மட்டும் சொல்லிடுங்க.”

அவரை வேனில் ஏற்றிக்கொண்டு பூவனேரிக்கே போனோம். அவர் சொன்னது சரி. உளுந்தூர்பேட்டை டவர் அவர் வீட்டுக்கு நேராகத் தெரிந்தது. சிக்னல் கொழித்தது. போன் அந்த டவரைப் பிடித்துக்கொண்டு நாலு கோட்டையும் காட்டும். கால் என்று வந்தால் டவர் மறுத்துவிடும். முந்தின நாள் விசேஷத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் வாடி நின்றது. அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். லைசென்ஸ், பகுதி, கோடு எல்லாம். தனபால் குறுக்கிடாமல் கேட்டார்.

“அங்க இருக்கறதும் உங்க டவருதான், இங்க இருக்கறதும் உங்க டவருதான். நடுவுல நிறுத்துறது யாருங்க?”

சட்டம் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். சட்டம் என்றால் மழை, வெயில் மாதிரி ஒன்று, அதனிடம் போய்ப் பேச முடியாது என்று எடுத்துக்கொண்டவர் போல இருந்தது அந்தத் தலையாட்டல். எனக்கு அதுதான் உறுத்தியது.

எஸ்தர் அம்மா கெட்டவர் இல்லை. விரிசல் விட்ட சரக்குக்காக அவர் தனபாலை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் இனிமேல் சூளை எரிகிற நாளில் ஷெட்டை விட்டு நகரக் கூடாது, முடியாது என்றால் வேறு மேஸ்திரியைப் பார்க்கிறேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். தனபால் பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபடி ஷெட்டுக்கு வந்தார்.

4. ஒரே ஒரு நம்பருக்கு

எனக்குத் தெரியும், அழைப்புகளை இணைக்கும் ஸ்விட்ச் இயந்திரத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் அந்த ஒரு நம்பரை மட்டும் உளுந்தூர்பேட்டை டவர் ஏற்றுக்கொள்ளும். இதை ராகவன் சாரிடம் போனில் கேட்டேன். ஒரே ஒரு நம்பர் சார், சூளை வேலை பார்க்கிறவர் என்றேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு மறுத்தார். ஒன்றுக்குத் திறந்தால் அடுத்த வாரமே சேவியர் கம்பெனி அதைப் பிடித்துவிடும், வழக்கு நடக்கிற நேரத்தில் லைசென்ஸே போய்விடும், லைசென்ஸ் போனால் தனபாலோடு சேர்ந்து எல்லாருடைய போனும் நிற்கும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

போனை வைக்கும் முன் அவரே இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பூவனேரி வீட்டுக்கு உளுந்தூர்பேட்டைக் கணக்கில் தனியாக ஒரு பெட்டி போன் வைக்கலாம், அது சட்டத்துக்கு உட்பட்டது. இரண்டாவது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இந்த விஷயத்தில் எல்லாரிடமும் கருத்துக் கேட்கிறது, சென்னையில் திறந்த கூட்டம் ஒன்று நடக்கப் போகிறது.

“கம்பெனி பேசினா கம்பெனி வாதம்னு போயிடும். கோட்டு மேல குடியிருக்கிறவங்க யாராவது வந்து பேசட்டும்.”

பெட்டி போன் அந்த வாரமே வந்தது. கூரையில் சின்ன ஆண்டெனா, மேஜையில் சாதாரண போன் மாதிரி ஒரு கருவி. விருத்தாசலத்திலிருந்து கூப்பிட்டால் வெளியூர்க் கட்டணம். எஸ்தர் அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். தனபால் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு அது போதும். கடைக்குப் போனாலோ, ரோட்டில் வந்துகொண்டிருந்தாலோ பயன் இல்லை. ஆனாலும் அவர் பாயைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போக அது போதுமாக இருந்தது.

கூட்டத்தைப் பற்றி எஸ்தர் அம்மாவிடம் சொன்னேன்; வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் வந்தார், தனபாலையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய ஹோட்டல் ஒன்றின் ஹால். முன்வரிசை முழுக்க வக்கீல்கள், கம்பெனி அதிகாரிகள். பேச்செல்லாம் இங்கிலீஷில். பின்வரிசையில் சேவியரைப் பார்த்தேன். அவர் கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்து, விதியை மீறி வந்தவர்களுக்குப் பரிசு கொடுக்காதீர்கள் என்று பேசினார். நன்றாகத்தான் பேசினார்.

எஸ்தர் அம்மாவின் முறை மத்தியானம் வந்தது. மைக் பிடித்ததும் எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டார். சூளை, பம்ப், காதுகுத்து என்று முன்னும் பின்னுமாகத் தமிழில் சொன்னார். யாரோ மொழிபெயர்த்தார்கள். நேரம் முடிந்துவிட்டது என்று ஒருவர் சைகை காட்டினார். மேடையில் நடுவில் இருந்த அதிகாரி சைகை காட்டியவரை நிறுத்திவிட்டு எஸ்தர் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பக்கமும் போன் அடிக்க வேண்டும் என்றால் கம்பெனிகள் அரசாங்கத்துக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டி வரும், அது உங்கள் பில்லில் ஏறினால் சம்மதமா?

எஸ்தர் அம்மா மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

“கொஞ்சம் ஏறினா கட்டிடுவேங்க. ரொம்ப ஏத்தினா வேற கம்பெனிக்குப் போயிடுவேன். அப்படிப் போறதுக்கு வேற கம்பெனி இருக்கணும், அதைப் பாத்துக்கங்க.”

ஹாலில் சிலர் சிரித்தார்கள். அந்த அதிகாரி சிரிக்காமல் குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் எஸ்தர் அம்மாவுக்கு ஒரே குறை. சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை, உளறிவிட்டேன் என்று பஸ் ஏறும் வரை புலம்பினார். தனபால்தான் அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்.

5. கோட்டை எடுத்த நாள்

2003 இறுதியில் முடிவு வந்தது. வீட்டு போனுக்கு ஒரு லைசென்ஸ், செல்போனுக்கு ஒரு லைசென்ஸ் என்று இனி கிடையாது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே லைசென்ஸ். எங்களைப் போன்ற கம்பெனிகள் விடுபட்ட கட்டணத்தைக் கட்டிவிட்டு முழு மொபைல் சேவை தரலாம். செல்போன் கம்பெனிகளுக்கும் சில சலுகைகள் கிடைத்தன. பெரிய பெரிய இடங்களில் நடந்த வழக்கும் பேச்சும் சேர்ந்து வந்த முடிவு அது. எஸ்தர் அம்மாவின் இரண்டு நிமிஷப் பேச்சுக்கு அதில் பங்கு உண்டா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லவும் எனக்கு மனம் இல்லை.

எங்கள் பகுதியில் கோட்டை எடுக்கும் நாள் வந்தது. சென்னையில் ஸ்விட்சில் மாற்றுவார்கள், நான் ரோட்டில் இருந்து சரிபார்க்க வேண்டும். எஸ்தர் அம்மாவின் ஷெட்டிலிருந்து தனபாலையும் வேனில் ஏற்றிக்கொண்டேன். மங்கலம்பேட்டையில் அவர் தன் போனிலிருந்து யூனிட்டுக்குப் போட்டார். பேசிக்கொண்டே வந்தோம். சூளையில் என்ன சூடு, எத்தனை பர்னர் எரிகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். முந்திரித் தோப்பு வந்தது, டீக்கடை போனது. நான் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். டவர் மாறியது. பேச்சு அறுபடவில்லை. தனபால் அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டாவது பர்னரைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்வர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கியிருந்தது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

6. தப்பாக நினைக்காதீங்க

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். எல்லாருக்கும் கதவு திறந்ததில் சேவியரின் கம்பெனியும் மங்கலம்பேட்டையில் டவர் போட்டது. தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று; சேவியரும் அங்கே யூனிட் யூனிட்டாக வந்து போனார். விலை இறங்கியது. தனபாலுக்கும் நல்ல காலம். எங்கிருந்தாலும் பிடிக்க முடியும் என்றானதும் மூன்று நான்கு யூனிட்டுகள் அவரையே கூப்பிட ஆரம்பித்தன. வீட்டில் இருந்துகொண்டே பாதி சூளைகளைப் போனில் பார்த்துக்கொண்டார்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு அருகே அவரைப் பார்த்தேன். கையில் புது செல். எங்களுடையது இல்லை. நான் பார்த்துவிட்டதைப் பார்த்ததும் அவர் சங்கடப்பட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க மேடம். உங்களுது சூளை ஷெட்டுக்குள்ள எடுக்க மாட்டேங்குது. வெளிய வந்து வந்து பேச வேண்டியிருக்குது. சேவியர் சாரு கம்பெனிது உள்ளயே எடுக்குது. எஸ்தரம்மாவும் மாத்திட்டாங்க.”

பரவாயில்லை என்று சொன்னேன். உள்ளுக்குள் அப்படி இல்லை. இவர்களுக்காக எவ்வளவு அலைந்திருக்கிறோம் என்று அலுவலகம் வரும் வரை மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். சாயங்காலம் கோபம் அடங்கியதும் வேனை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைக்குப் போனேன். தகரக் கூரை, இரும்புத் தூண்கள், நடுவில் சூளை. உள்ளே எங்கள் சிக்னல் செத்துக் கிடந்தது. அவர் சொன்னது அப்படியே சரி. வேடிக்கை என்னவென்றால், இதே ஷெட்டைப் பற்றி நான் முந்தின வருஷமே சென்னைக்கு எழுதியிருந்தேன். பார்க்கலாம் என்று பதில் வந்தது, யாரும் பார்க்கவில்லை.

இந்த முறை வேறு விதமாக எழுதினேன். தொழிற்பேட்டையில் யார் யார் போய்விட்டார்கள், எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று மட்டும். ராகவன் சார் மறுநாள் காலையிலேயே கூப்பிட்டார். அந்த மாதமே தொழிற்பேட்டையைப் பார்த்து ஒரு புது ஆண்டெனா ஏறியது.

அது ஓட ஆரம்பித்த அன்று எங்கள் போன் ஒன்றை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். தனபால் சூளையை ஒட்டி நின்று பேசிப் பார்த்தார். அவர் மகள் பெட்டி போனில் அந்தப் பக்கம் பேசினாள். நன்றாகக் கேட்கிறது என்றார். பிறகு இரண்டு போனையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டும் இருக்கட்டுங்க. எது நல்லா எடுக்குதோ அதுல பேசிக்கறேன்.”

வெளியே வந்தால் கேட் அருகே சேவியர், பைக்கில் உட்கார்ந்து தன் போனில் சிக்னல் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் புது ஆண்டெனா போட்டதைக் கேள்விப்பட்டு வந்திருந்தார். உள்ளே எப்படி எடுக்கிறது என்று கேட்டார். நீங்களே போய்ப் பாருங்கள் என்றேன்.

இந்தத் துறையில் இப்போது சேருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பூவனேரியில் அன்று தனபாலின் தலையாட்டல் என்னை உறுத்தியது, அவருக்குப் போக வேறு இடம் இல்லாததால். பஸ் ஸ்டாண்டில் அவர் தப்பாக நினைக்காதீங்க என்றபோது வலித்தது, அவருக்கு இடம் இருந்ததால். இரண்டாவது வலிதான் என்னை அந்த ஷெட்டுக்கு ஓட வைத்தது. லைசென்ஸ், விதி, ஆணையம் எல்லாம் எதற்கு என்று குழப்பம் வந்தால், கஸ்டமர் நம்மை விட்டுப் போக முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். போக முடிகிறது என்றால் நாம் நல்ல வேலை பார்ப்போம், பார்த்தே ஆக வேண்டும்.